மகாயுகத்தை வகுத்துப் பார்த்தேன்

சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, மகாயுகம் 4,320,000 வருஷம்னு சொல்றீங்க. ஏன் சுலபமா ஐந்து மில்லியன்னு வைக்கல?"

"பெரியவங்க அப்படித்தான் சொன்னாங்க" என்று சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன்.

எட்டு 2, மூன்று 3, நான்கு 5. இவற்றைப் பெருக்கினால் 4,320,000. அதை மீதமில்லாமல் வகுக்கும் எண்கள் 180! ஐந்து மில்லியனுக்கு 56தான். அது 3-ஆல்கூட வகுபடாது. நம் எண்ணுக்குள் 12 ராசியும் அடங்கும், 360 பாகையும் அடங்கும். (7 அடங்காது; 6 மீதம். நானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.) பத்தில் ஒரு பங்கு 432,000, அதாவது கலியுகம். மற்ற மூன்றும் அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு.

கி.பி. 499-இல் 23 வயதாக இருந்த ஆரியபட்டர் இந்த எண்ணை வானக் கணக்குக்கே பயன்படுத்தினார். ஒரு மகாயுகத்தில் சூரியனுக்கு 4,320,000 சுற்று, சந்திரனுக்கு 57,753,336 சுற்று. பின்னமே கிடையாது. ஒரே வருஷத்துக்குச் சந்திரனின் சுற்றைக் கணக்கிட்டால் பதின்மூன்றோடு ஒரு பின்னமும் ஒட்டிக்கொண்டு வரும். இவ்வளவு நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டதால் எல்லாமே முழு எண்.

அடுத்த வாரம் அந்தத் தம்பியையே இரண்டையும் கழிக்கச் சொன்னேன். 53,433,336 வந்தது. "இது என்னண்ணா?"

"ஒரு மகாயுகத்துல வர்ற அமாவாசை அத்தனை, தம்பி."