பசுமை வேதியியல்: தனித்தாளா, லேபிலேயே தொடங்குவதா?

பாடத்திட்டத்தைத் திருத்தும் பருவம் வந்துவிட்டால் வேதியியல் துறைக் கூட்டங்களில் பசுமை வேதியியல் பேச்சு எழாமல் இருக்காது. ‘ஒரு விருப்பப் பாடம் போட்டுவிடலாம்’ என்று பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தும் விடும். அதுவும் ஒரு வழிதான். ஆனால் கையில் இருப்பவை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு வேறு, மாணவருக்குக் கிடைப்பது வேறு. கல்லூரி தன்னாட்சி பெற்றதா, பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் தேர்வு மாறும்.

1. தனித்தாள்

பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் 1998இல் வெளியிட்ட 12 கோட்பாடுகள், வினைபடுபொருட்களின் எடையில் எவ்வளவு விளைபொருளில் சேர்கிறது என்று பார்க்க பாரி டிராஸ்ட் 1991இல் முன்வைத்த அணுச் சிக்கனம், ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று கேட்கும் ரோஜர் ஷெல்டனின் ‘ஈ’ காரணி ஆகியவற்றை நிதானமாக நடத்த இதில் இடம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் சி.பி.சி.எஸ். மாதிரிப் பாடத்திட்டத்திலேயே பசுமை வேதியியல் விருப்பப் பாடமாக இருந்ததால், பாடத்திட்டக் குழுவில் ஒப்புதல் வாங்குவதும் கடினமல்ல.

குறை என்னவென்றால், எடுத்தவர் மட்டுமே படிப்பார். அவரும் 12 கோட்பாடுகளை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, அடுத்த மணி நேரத்தில் டைகுரோமேட் கரைசலைச் சிங்கில் கொட்டுவார். தாளுக்கும் லேபுக்கும் தொடர்பு இல்லையென்றால் இதுதான் நடக்கும்.

2. இருக்கும் பாடங்களில் கலப்பது

இப்யூப்ரோஃபென் நல்ல உதாரணம். பூட்ஸ் நிறுவனத்தின் பழைய முறையில் ஆறு படிகள், அணுச் சிக்கனம் 40%. பின்னால் வந்த பி.எச்.சி. முறையில் மூன்றே படிகள், 77%. கரிம வேதியியல் வகுப்பில் வினையூக்கியைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடலாம். பணம் வேண்டாம், ஒப்புதல் வேண்டாம், எல்லா மாணவருக்கும் போய்ச் சேரும். ஆனால் துறை முழுக்க ஒத்துழைக்க வேண்டும். தேர்வில் கேள்வி வராத எதுவும் இரண்டாம் ஆண்டிலேயே உதிர்ந்துபோகும் என்பதையும் மறக்கக் கூடாது.

3. சோதனைகளை மாற்றுவது

மாணவர் அதிகம் கற்பது இங்கேதான். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் 1990களின் இறுதியிலேயே கரிம வேதியியல் ஆய்வகத்தை இந்த நோக்கில் திருத்தி அமைத்தது. நம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் பசுமைச் சோதனைகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது.

ஆனால் ‘பசுமை’ என்று பெயர் போட்ட சோதனையை அப்படியே எடுத்துவைத்தால் பாதிப் பாடம் போய்விடும். மூன்று தயாரிப்புகளைப் பாருங்கள்.

அனிலினிலிருந்து அசெட்டனிலைடு: அசெட்டிக் அன்ஹைட்ரைடு பயன்படுத்தினால் அணுச் சிக்கனம் 69%. துத்தநாகத் தூள் சேர்த்து அசெட்டிக் அமிலத்தோடு காய்ச்சினால் 88%. ஆனால் முதல் முறை சட்டென்று முடியும், இரண்டாவதை நெடுநேரம் கொதிக்க வைக்க வேண்டும். மின்சாரச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

அசெட்டனிலைடுக்குப் புரோமின் ஏற்றுவது: திரவப் புரோமின் தோலைச் சுடும், மூச்சை அடைக்கும். அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் புரோமைடும் செரிக் அமோனியம் நைட்ரேட்டும் போட்டால் அந்தப் பயம் இல்லை. ஆனால் செரிக் உப்பின் மூலக்கூறு எடை 548, ஒரு மோலுக்கு இரண்டு மோல் வேண்டும். அணுச் சிக்கனம் 73%இலிருந்து 16%க்கு விழுகிறது.

பென்சாயின் குறுக்கவினை: இதில் அணுச் சிக்கனம் எப்போதும் 100%, வினையூக்கி சயனைடாக இருந்தாலும்! அதைத் தயமினாக, அதாவது வைட்டமின் பி1 ஆக மாற்றியதால் கிடைத்த நன்மை எதுவும் அந்த எண்ணில் தெரியாது.

ஒரே அளவுகோலை வைத்து எதையும் பசுமை என்று சொல்லிவிட முடியாது என்பதை மாணவர் தன் கையாலேயே கணக்குப் போட்டுக் கண்டுகொள்வார். தனித்தாளில் இதை எவ்வளவு விளக்கினாலும் இந்த அளவுக்குப் பதியாது. இணைப்புக் கல்லூரிக்கு ஒரு சிக்கல் உண்டு. செய்முறைத் தேர்வில் என்ன கேட்கப்படும் என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்கிறது.

4. அளவைக் குறைப்பது

சோதனை அதேதான், அளவு மட்டும் சிறிது. 20 மி.லி. பிப்பெட்டில் ஒரு மாணவர் மூன்று முறை தரம்பார்த்தால், இரண்டு கரைசலும் சேர்ந்து சுமார் 120 மி.லி. கழிவு. 30 பேர் கொண்ட பேட்ச்சுக்கு 3.6 லிட்டர். 5 மி.லி. பிப்பெட்டுக்கு மாறினால் 0.9 லிட்டர்தான். கூடவே பியூரெட்டையும் மாற்ற வேண்டும். 50 மி.லி. பியூரெட்டில் 0.1 மி.லி. பிழை வந்தால், 20 மி.லி.க்கு அது 0.5%, 5 மி.லி.க்கு 2%. நுண்ணிய கோடுகள் உள்ள 10 மி.லி. பியூரெட் வாங்கும் செலவு ஒருமுறைதான், ரசாயனச் செலவு மிச்சமாவது ஆண்டுதோறும்.

5. ஊர்ச் சிக்கலைத் திட்டப்பணியாக்குவது

ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் குரோமியம்; திருப்பூரில் சாயக் கழிவு. நொய்யல் மாசு வழக்கில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரில்லாக் குரோம் பதனிடும் முறையை உருவாக்கியதும் வகுப்பில் பேச வேண்டிய செய்திகள். சட்டம், செலவு, பிழைப்பு எல்லாம் வேதியியலோடு பின்னிக் கிடப்பதை இதில்தான் பார்க்க முடியும். ஆனால் வழிகாட்டும் ஆசிரியருக்கு நேரம் வேண்டும், ஆலைக்குள் அனுமதி கிடைக்க வேண்டும். பெரிய வகுப்புக்கு ஒத்துவராது.

எதை எடுப்பது?

இணைப்புக் கல்லூரி என்றால் இரண்டாவதில் தொடங்குங்கள். நான்காவதைத் தேர்வுக்கு வராத பயிற்சி நாட்களில் செய்து பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் முதலில் செய்முறைப் பாடத்தைத் திருத்துங்கள். இரண்டு ஆண்டு அதை நடத்திய பிறகு, அங்கே கிடைத்த கணக்குகளை வைத்தே தனித்தாளை எழுதுங்கள். முதுகலை மாணவர்கள் குறைவாகவும் பக்கத்தில் தொழிற்சாலைகள் அதிகமாகவும் இருந்தால் ஐந்தாவது.

எதுவும் முடிவாகவில்லையா? ரெக்கார்டு நோட்டில் விளைச்சல் சதவீதத்துக்குக் கீழே மூன்று வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: அணுச் சிக்கனம், மிஞ்சிய கழிவின் எடை, பயன்படுத்தியவற்றில் மிக ஆபத்தான பொருள். அதற்கு எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை. அடுத்த லேப் வகுப்பிலேயே தொடங்கலாம்.