தன்னையே தாக்கும் காவல்

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஓயாது உழைக்கும் இதயத்தசை தளர்ந்து, அறைகள் விரிந்து, குருதியை உந்தும் ஆற்றல் குன்றுவதை இதயத்தசை விரிவு நோய் என்பர்.

இந்நோய்க்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வியப்புக்குரியது. காக்சாக்கி போன்ற வைரஸ் இதயத்தசையில் புகும்போது, உடலின் காவலர்களாகிய வெள்ளணுக்கள் அதனை எதிர்த்துப் போரிடுகின்றன. பெரும்பாலோருக்கு அப்போர் விரைவில் முடிந்துவிடும். சிலருக்கோ வைரஸ் நீங்கிய பின்னரும் தாக்குதல் ஓய்வதில்லை. இதயத்தசையிலுள்ள மயோசின் என்னும் புரதத்தையே அவ்வணுக்கள் பகையெனக் கருதித் தாக்குகின்றன.

தன்னுடையது எது, அயலானது எது என்பதை வெள்ளணுக்கள் எவ்வாறு அறிகின்றன? உடலின் செல்கள் புரதத் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. அவற்றை ஏந்தும் தட்டுகள் போன்றவை எச்.எல்.ஏ. புரதங்கள். இவ்வகையில் முதலாவதை 1958இல் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே, 1980இல் நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இப்புரதங்களுக்குரிய மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் குழந்தைக்கு வந்து சேர்கின்றன. உடன்பிறந்த இருவர் ஒரே இணையைப் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

டி.ஆர்.4 என்னும் எச்.எல்.ஏ. வகை, இந்நோயாளரிடையே மிகுதியாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் அவ்வகையைப் பெற்றோருள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை. மரபுவழி வருவது நோயன்று, நோய்க்கான வாய்ப்பே.

ஆகவே அஞ்சுதல் வேண்டா, அறிதல் வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோர் ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளைச் செய்துகொள்வது நன்று. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்கு உறவினரின் நோய்பற்றிய செய்தி காலங்கடந்தே எட்டுவதுண்டு. அச்செய்தியைக் கேட்டறிந்து மருத்துவரிடம் கூறுவது, ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
குன்றுதல் – குறைதல்
அயல் – பிறருடையது
மக்கள் – (இங்கு) பிள்ளைகள்

பிரித்து எழுதுக
1. இந்நோய்
2. அவ்வணுக்கள்
3. நோயன்று

விடை எழுதுக
1. இதயத்தசை விரிவு நோய் என்றால் என்ன?
2. எச்.எல்.ஏ. புரதங்கள் எவற்றுடன் ஒப்பிடப்படுகின்றன? ஏன்?
3. ‘மரபுவழி வருவது நோயன்று, நோய்க்கான வாய்ப்பே’ – விளக்குக.

செயல்பாடு
தாத்தா, பாட்டி முதலாக உங்கள் குடும்ப மரம் ஒன்றை வரைந்து, உறவுப்பெயர்களைத் தமிழில் எழுதுக.