தாம்பரத்துப் பெருவழி

பலரும் செல்லும் அகன்ற சாலையைப் பண்டைத் தமிழர் ‘பெருவழி’ என வழங்கினர். தருமபுரிப் பகுதியிற் கிடைத்த பழங்கல் ஒன்று ‘அதியமான் பெருவழி’ என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. நாவற்றாவளம் என்னும் ஊர் 29 காதத் தொலைவில் உள்ளது என்பதை அது அறிவிக்கின்றது. எழுத்தறியாதவரும் உணருமாறு, இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. சாலை அமைத்தோர் வழிநடப்போரை மறந்திலர் என்பதற்கு இக்கல்லே சான்று.

இக்காலத்துப் பெருவழிகளுள் ஒன்று, சென்னைக் கத்திப்பாராவினின்று தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை. மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் ஆகிய ஊர்களைக் கடந்து அது செங்கற்பட்டை அடைகின்றது. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில்கள் ஓடத் தொடங்கின. 1937ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. தூய காற்றை நாடிக் காசநோய் மருத்துவமனையும் அங்கே அமைந்தது. அமைதியான சிற்றூர்கள் நாளடைவில் ஒன்றோடொன்று கலந்து பெருநகராயின. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி தோன்றிற்று.

ஊர் பெருகப் பெருக, சாலை இரு தொழில்களை ஒருங்கே சுமக்கலாயிற்று. நெடுந்தொலைவு செல்லும் பேருந்துகளும் லாரிகளும் விரைந்து செல்ல விழைகின்றன. இரயிலினின்று இறங்குவோரும் கடைக்குச் செல்வோரும் பள்ளிச் சிறாரும் அதே சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியவராகின்றனர். சாலையை அகலப்படுத்தினால் மட்டும் இவ்விடர் தீர்ந்துவிடாது. குடத்தின் வயிறு எத்துணைப் பெரிதாயினும், கழுத்தின் அளவிற்கே நீர் வெளிப்படும். அதுபோல, ஓரிடத்தில் அகலம் மிகுமாயின் நெரிசல் அடுத்த குறுகிய இடத்திற் சென்று தங்கும். மேலும், அகலம் மிகுந்தோறும் நடந்து கடப்போர்க்குத் தொலைவும் அச்சமும் மிகும்.

எதனை முன் செய்வது, எதனைப் பின் செய்வது என்னும் முறைமையும் இன்றியமையாதது. நகரினுள் நெரிசலைக் குறைத்தற்பொருட்டு, 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயினும், அருகே அமையவேண்டிய இரயில் நிலையம் அன்று நிறைவுறவில்லை. ஆதலின், மூட்டை முடிச்சுகளுடன் வந்தோர் முனையத்தை அடைவதற்கே வேறு ஊர்திகளை நாடி இடர்ப்பட்டனர். இணைப்பு முந்தியிருப்பின் அவ்விடர் நேர்ந்திராது.

நீரின் வழியையும் கருதுதல் வேண்டும். தென்புறநகர் ஏரிகள் நிறைந்த நிலமாகும். 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகள் வெள்ளத்துள் மூழ்கின. மண்ணிட்டு உயர்த்திய சாலை, போதிய மதகுகள் இன்றேல் கரையாக நின்று ஒருபுறத்து நீரை ஊருக்குள் தேக்கிவிடும்.

இனி, சாலையோரத்து வாழ்வோர் நிலையும் எண்ணத்தக்கது. பூவும் பழமும் விற்போர்க்கு அந்நடைபாதையே பிழைப்பிடம். நடப்போர்க்கோ அதுவே காப்பிடம். இருவர்க்கும் இடம் வகுப்பதே நல்ல திட்டம். கணக்கெடுப்பு முடியும்வரை தெருவோர வணிகரை அப்புறப்படுத்தலாகாது என 2014ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது.

சிலப்பதிகாரத்தில், மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைக் கூறுகின்றான். ஒவ்வொன்றன் இயல்பையும், அங்கு எதிர்ப்படுவனவற்றையும் விரித்துரைத்த பின்னரே, செல்வோர் தம் வழியைத் தேர்கின்றனர். சாலைத் திட்டம் வகுப்போரும் அவ்வாறே, மேம்பாலம், சுரங்கப்பாதை, இரயில், பேருந்து ஆகியவற்றின் நன்மையையும் குறையையும் மக்கள் முன் விளங்க எடுத்துரைத்தல் கடன். ஊர்திகள் எத்துணை விரைவாகச் சென்றன என்பது மட்டும் சாலையின் சிறப்பாகாது. கோலூன்றிய முதியவரும் புத்தகப்பை சுமந்த சிறுமியும் அச்சமின்றி அதனைக் கடக்க இயலுமாயின், அதுவே பெருவழி என்னும் பெயருக்கு உரியதாகும்.