பழைய தீத்தழும்பில் வெள்ளைத் துணுக்குகள்

 

சிறு வயதில் ஸ்டவ் வெடித்தது, கல்யாண வீட்டில் தேக்சா சரிந்து கொதிநீர் காலில் கொட்டியது என்று பழைய தீத்தழும்போடு வாழும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. ஆறிப்போனது என்று மறந்த தழும்பு, பல வருடங்கள் கழித்துக் கல் போலக் கெட்டியாகலாம். பிறகு புண்ணாகி, சுண்ணாம்புத் தூள் போல வெள்ளைத் துணுக்குகள் அதிலிருந்து வரலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள தழும்புகளில் இதைக் காண்கிறோம்.

இது ஏன் வருகிறது? தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு. அடிபட்டும் உரசியும் சிதைந்த அந்தத் திசுவில் ரத்தத்திலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் உப்பாகப் படிகின்றன. இப்படிப் படிபவர்களுக்குப் பொதுவாக ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில்தான் இருக்கும். எனவே பால், தயிர், கீரையை நிறுத்துவதால் பயனில்லை. டாக்டர் எழுதித் தந்த கால்சியம் மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

துணுக்குகளை ஊசியாலோ நகத்தாலோ தோண்டாதீர்கள்; சீழ் பிடிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எக்ஸ்ரே எடுத்தால் படிவம் வெள்ளையாகத் தெரியும். புண் ஆறாவிட்டால் கெட்ட பகுதியை அறுவை செய்து அகற்றி, தேவைப்பட்டால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பழைய தீத்தழும்பில் ஆறாத புண் எல்லாமே கால்சியம் அல்ல. சிலருக்கு அது தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். தழும்பில் தோன்றும் இத்தகைய புண்களை 1828-இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அதை 'மார்ஜோலின் புண்' என்கிறார்கள். ஓரம் தடித்து உயர்வது, ரத்தம் கசிவது, துர்நாற்றம், சதை வளர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். கண்ணால் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. சிறு துண்டு சதையை எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகும். ஆரம்பத்திலேயே கண்டால் அகற்றிக் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே தழும்பில் வந்த புண் மூன்று, நான்கு வாரங்களாகியும் ஆறவில்லையா? மஞ்சளும் களிம்பும் பூசிக் காலம் கடத்தாதீர்கள். முதலில் வாழப்பாடி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மேல்பரிசோதனைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். போகும்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையும் கையில் இருக்கட்டும்.

நம் பெண்கள் பலர் கூச்சத்தால் தழும்பை யாரிடமும் காட்டுவதில்லை. பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. இன்றே உங்கள் தாயாரிடமும் மாமியாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அந்தப் பழைய தழும்பு இப்போது எப்படி இருக்கிறது?"