பைக் வாங்கலாமா? ரெண்டு கோடு போட்டுப் பாருங்க

உங்களுக்கு வேலை, 2024 நவம்பர்ல திறந்த பட்டாபிராம் டைடல் பூங்காவுலன்னு வச்சுக்குவோம். வீடு 3 கிலோமீட்டர் தள்ளி. தினமும் ஆட்டோவா, இ.எம்.ஐ.ல பைக்கா? (சைக்கிளே போதும்பார் அப்பா. அந்தக் கோட்டை நீங்களே போட்டுக்கோங்க!)

பத்தாம் வகுப்புல படிச்ச ஒய் = எம்எக்ஸ் + சி ஞாபகம் இருக்கா? எந்தச் சமன்பாட்டுக்கு எந்தக் கோடுன்னு கண்டுபிடிக்க ரெண்டே விஷயம் பார்த்தா போதும். கோடு செங்குத்து அச்சை எங்க தொடுது? அது சி. ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்தா எவ்வளவு ஏறுது? அது எம், அதாவது சாய்வு.

முதல்ல ஆட்டோ. 2013 ஆகஸ்ட்ல தமிழக அரசு சென்னைக்கு நிர்ணயிச்ச கட்டணம்: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. இங்கதான் பலபேர் ஒய் = 12எக்ஸ் + 25னு எழுதிடுவாங்க. தப்பு! அந்த 25 ரூபாய்க்குள்ளேயே 1.8 கி.மீ. அடங்கிடுச்சு. 12ஐ 1.8ஆல பெருக்கினா 21.60, அதை 25ல கழிச்சா 3.40. சரியான சமன்பாடு ஒய் = 12எக்ஸ் + 3.40. வரைபடம் 1.8 வரைக்கும் 25லயே படுத்திருக்கும், பிறகுதான் ஏறும். ஏறுற பகுதியைப் பின்னாடி நீட்டினா 3.40ல அச்சைத் தொடும்.

அந்தக் கணக்குல 3 கி.மீ.க்கு 39.40. போக வர 78.80.

இப்போ மாசக் கணக்கு. எக்ஸ்னா வேலை நாள், ஒய்னா செலவு. ஆட்டோ: ஒய் = 78.80எக்ஸ். பைக்குக்கு இ.எம்.ஐ. 3,000, பெட்ரோல், சர்வீஸ் சேர்த்து நாளைக்கு 20னு வைங்க: ஒய் = 20எக்ஸ் + 3,000. பூஜ்யத்துல கிளம்பி செங்குத்தா ஏறுறது ஆட்டோ. உயரத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏறுறது பைக். ரயில் சீசன் டிக்கெட்டா? சாய்வு பூஜ்யம், படுத்த கோடு.

ரெண்டும் எங்க வெட்டுது? 3,000ஐ 58.80ஆல வகுத்தா 51 நாள். மாசத்துல அத்தனை நாளே கிடையாது! 22 நாளைக்கு ஆட்டோ 1,733.60, பைக் 3,440.

ஆனா மீட்டர் போடாம சவாரிக்கு 100 கேட்டா? சாய்வு 200. 17ஆவது நாளே ஆட்டோ கோடு பைக்கைத் தாண்டிடும். 22 நாள்ல 4,400. பைக் அதே பைக்தான், மாறினது ஆட்டோவோட சாய்வு மட்டும்.

சரி, சவாரிக்கு 60 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டார்னா? கட்டம் போட்ட தாள்ல ரெண்டு கோட்டையும் போட்டு, எத்தனையாவது நாள்ல வெட்டுதுன்னு பாருங்க.