வடிவமைப்புக் கருவியும் ஸாமல் வரிகளும்

2006-ஆம் ஆண்டின் இறுதியில் டாட்நெட் 3.0 பதிப்போடு வெளிவந்த டபிள்யூபிஎஃப் முறையில், திரையின் தோற்றத்தை வர்ணிக்கும் ஸாமல் வரிகளைப் பிளெண்ட், விஷுவல் ஸ்டுடியோ முதலிய கருவிகளே எழுதித் தருவதால், அவை அவ்வரிகளை ஏன் இவ்வளவு பெருக்குகின்றன என்று ஆராய்வது என் நித்திய வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

கிரிட்டுக்குள் ஒரு பட்டனை மவுஸால் இழுத்துப் போட்டால், அது நிற்கவேண்டிய ஸ்தானத்தைக் குறித்துவைக்கக் கருவிக்கு வேறு மார்க்கமில்லாததால், இடப்புறம் ஒட்டுக, மேற்புறம் ஒட்டுக, அகலம் 75, மார்ஜின் 217,107,0,0 என்று நான்கு பண்புகளை அந்த ஒரு பட்டனின் மேல் ஏற்றிவிடுகிறது. அதே பட்டன்களை ஸ்டாக்பேனல் ஒன்றுக்குள் அடுக்கினாலோ, வரிசையே ஸ்தானத்தை நிர்ணயித்துவிடுவதால், பட்டனில் தெரியவேண்டிய சொல்லைத் தவிரப் பெரும்பாலும் வேறெதுவும் எழுத அவசியம் நேர்வதில்லை. ஆகவே, எதையும் வரைவதற்கு முன்னரே எந்தப் பேனலுக்குள் வரையப்போகிறோம் என்று தீர்மானித்துக்கொள்ளும்படி என்னோடு வேலை செய்பவர்களிடம் வற்புறுத்துகிறேன். பட்டன்களுக்கு இடையிலான இடைவெளியை அந்தப் பேனலின் ரிசோர்ஸில், பட்டன் இனத்துக்கென்று சாவிப்பெயர் இல்லாத ஒரு ஸ்டைலாக எழுதிவிட்டால், உள்ளிருக்கும் பட்டன்கள் அத்தனையும் அதற்குக் கட்டுப்படும்.

முன்பே வரைந்துவிட்ட திரையாயின், தேவையற்ற மார்ஜினுக்குப் பூஜ்யம் என்று தட்டச்சு செய்வதோடு நின்றுவிடலாகாது. அவ்வாறு செய்தால் மார்ஜின் 0 என்ற வரி எஞ்சி நிற்பது மட்டுமல்ல, பண்பின்மேல் நேரே எழுதிய மதிப்பு ஸ்டைலின் மதிப்பை வென்றுவிடும் என்பது டபிள்யூபிஎஃப் விதியாதலால், நாம் சிரத்தையோடு எழுதிய இடைவெளியும் அந்தப் பட்டனுக்கு மட்டும் கிட்டாமல் போகும். பண்புப் பலகையில் ஒவ்வொரு பண்பின் அருகிலும் ஒரு சிறு சதுரம் உண்டு. அதைச் சொடுக்கி ரீசெட் கொடுத்தால்தான் வரியிலிருந்து பண்பு அடியோடு நீங்கும்.

டெம்ப்ளேட்டைப் பிரதியெடுத்துத் திருத்தும் கட்டளையிடத்தில் எனக்கு விசேஷமான பயம் உண்டு. பட்டனின் பின்னணி நிறத்தை மாற்ற ஒரு பண்பே போதுமாயிருக்க, அக்கட்டளை பட்டனின் சர்வ அங்கங்களையும் நம் கோப்பில் கொட்டிவிடுகிறது. ஆயினும், மவுஸ் மேலே வரும்போது தோன்றும் நிறம் விண்டோஸின் புதிய தீம்களில் டெம்ப்ளேட்டுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருப்பதால், அதை மாற்ற விரும்புகிறவர்கள் அந்த நீளத்தை ஏற்கத்தான் வேண்டும். அந்தச் சந்தர்ப்பத்தில் பிரதியை ஒரே ஒரு ரிசோர்ஸ் டிக்ஷனரியில் வைத்து, எல்லாச் சாளரங்களும் அதையே அழைத்துக்கொள்ளும்படி செய்துவிடுகிறேன்.