புளூரின் மசகுகள்: பயனும் பாதுகாப்பும்

இயந்திரம் ஓடும் இடமெல்லாம் உராய்வு உண்டு. உராய்வினால் வெப்பம் பிறக்கிறது, உலோகம் தேய்கிறது. இதைக் குறைக்கவே மசகு இடுகிறோம். எங்கள் கோடியக்கரையில் படகு எஞ்சினுக்கும், உப்பளத்துப் பம்புக்கும், சைக்கிள் சங்கிலிக்கும் எண்ணெயோ கிரீஸோ இடாமல் முடியாது. இவை பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பவை, ஆகவே எரியக்கூடியவை.

ஆனால் மசகு எரியவே கூடாத இடங்களும் உண்டு. மருத்துவமனைப் பிராணவாயு உருளையை எண்ணிப் பாருங்கள். அதன் வால்வில் சிறிது எண்ணெய் பட்டிருந்தாலும், உயர் அழுத்தப் பிராணவாயுவில் அது தீப்பற்றி வெடிக்கலாம். இத்தகைய இடங்களுக்காக வந்தவையே புளூரின் மசகுகள்.

1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்து விஞ்ஞானி ராய் பிளங்கெட், ஒரு வாயு உருளைக்குள் வழுவழுப்பான வெண்பொடி படிந்திருக்கக் கண்டார். அதுவே டெஃப்லான். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுவதும் இதுவே. இதே குடும்பத்தைச் சேர்ந்த திரவம் பெர்புளூரோபாலிஈதர் எண்ணெய். அதில் டெஃப்லான் பொடியைக் கலந்தால் கிரீஸ் கிடைக்கிறது.

பண்புகள்

சாதாரண எண்ணெயில் கார்பனுடன் ஹைட்ரஜன் இணைந்திருக்கும். இங்கே அந்த இடத்தில் புளூரின் இருக்கிறது. கார்பன்-புளூரின் பிணைப்பு மிக வலிமையானது. அதனால் இந்த எண்ணெய் எளிதில் எரியாது. பெரும்பாலான அமிலங்களால் கெடாது. வெற்றிடத்திலும் மிகக் குறைவாகவே ஆவியாகும். ஆகவே விண்கலங்களிலும் பயன்படுகிறது. நீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி உடையதால் நீரில் மூழ்கும்.

குறைகளும் உண்டு. விலை மிக அதிகம். துருத்தடுப்புப் பொருள் சேர்க்காவிட்டால், உப்புக்காற்றில் இரும்பை நன்கு காக்காது. ஆகவே எங்கள் ஊர்ப் படகுகளுக்குச் சாதாரண கிரீஸே ஏற்றது.

பாதுகாப்பு விதிகள்

1. பிராணவாயுக் கருவிகளில் நாமாக எதையும் தடவக்கூடாது. அதற்கென்று சோதித்த மசகைப் பயிற்சி பெற்றவரே இட வேண்டும்.
2. பழைய கிரீஸை முழுவதும் துடைத்த பின்பே புதியதை இட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று கலவா.
3. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் நச்சுப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலும் இருமலும் வரலாம். மசகு பட்ட கையால் பீடி, சிகரெட் பிடித்தாலும் இவ்வாறு நேரும். எனவே கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.
4. மசகு பட்ட துணியையோ டப்பாவையோ எரிக்கக்கூடாது.
5. ஒட்டாத பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடக்கூடாது. அப்புகையால் கூண்டுப்பறவைகள் மாண்டதுண்டு.

எளிதில் அழியாத தன்மையே இவ்வகைப் பொருள்களின் பெருமை; அதுவே ஆபத்தும்கூட. டெஃப்லான் தயாரிப்பில் முன்பு பயன்பட்ட ஒரு புளூரின் அமிலம், வடதுருவக் கரடிகளின் உடலிலும் காணப்பட்டது. அதனால் 2019ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் அது தடுக்க வேண்டிய பொருள்களுள் சேர்க்கப்பட்டது.

ஆண்டுதோறும் பூநாரைகள் எங்கள் கோடியக்கரைச் சதுப்பு நிலத்தை நம்பி வருகின்றன. 1967ஆம் ஆண்டு முதல் இது சரணாலயம். இங்குள்ள வாய்க்காலில் கொட்டுவது எதுவாயினும் அவற்றின் இரையைச் சென்றடையும். ஆகவே தேவையான இடத்தில், தேவையான அளவே பயன்படுத்துவோம். எஞ்சியதை மண்ணிலும் நீரிலும் கொட்டாதிருப்போம். அறிவியல் தந்த நன்மையை அறிவோடு கையாளுவதே கற்றவர் கடமை.